நேற்றைய விலையும் இன்றைய தக்காளியும்

மாத்தளை நகரிலிருந்து ஏ9 பெருந்தெரு வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், நாலந்தாவையும் நாவுலையையும் கடந்து, சுமார் 45 கிலோமீற்றர் தூரத்தில் தம்புள்ளையை அடைவர். பகலிற் செல்வோரின் உள்ளம் குகை விகாரையையே முதலில் நாடும். ஆயின் அவ்வூரின் உயிர்நாடியைக் காண விரும்புவோர் நள்ளிரவுக்குப் பின்னரே செல்லல் வேண்டும். 1999ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற விசேட பொருளாதார மத்திய நிலையத்தின் முன்றலில் லொறிகள் வரிசை வரிசையாய் நிற்கும். மூட்டைகளும் பெட்டிகளும் தோளுக்குத் தோள் மாறும். பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்த காய்கறி, விடியுமுன்னரே வேறு பல திசைகளுக்குப் புறப்பட்டுவிடும். அங்கே ஒரு கிலோ தக்காளியின் விலை யாதென ஒருவர் வினவினால், "எத்தனை மணிக்கு?" எனத் திருப்பி வினவுவதே தக்க விடையாகும். நான்கு லொறிகள் சேர்ந்து வந்தால் விலை இறங்கும். மலைப்பக்கம் மழை கொட்டி லொறிகள் தாமதித்தால் ஏறும்.

விலையை அறிவதற்கு விவசாயி கொடுக்கும் விலை சிறிதன்று. யாரையேனும் தொலைபேசியில் அழைக்க வேண்டும்; அல்லது பஸ் ஏறிச் சந்தைக்கே சென்று பார்த்து வரவேண்டும். தம்புள்ளைச் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் சிறு விவசாயிகளைப்பற்றி லேர்ன்ஏசியா எனும் கொழும்பு ஆய்வு நிறுவனம் முன்னர் ஓர் ஆய்வு நடத்தியது. நிலத்தைப் பண்படுத்துவது தொடக்கம் விளைச்சலை விற்பது வரை ஆகும் மொத்தச் செலவில், தகவல் தேடுவதற்கு மாத்திரம் சுமார் 11 வீதம் செலவாகிறதென அது கண்டது. உரத்துக்கும் விதைக்கும் செலவழிப்பதை எவரும் கணக்கெழுதுவர். "இன்று என்ன விலை?" என்று கேட்பதற்கு ஆகும் செலவை எவர் கணக்கெழுதினார்? அக்குறையைப் போக்கவே 'கொவி ஞான' என்னும் திட்டம் தம்புள்ளைச் சந்தையின் விலைகளைத் திரட்டி அறிவிக்கத் தலைப்பட்டது. 2009ஆம் ஆண்டின் இறுதியில் டயலொக் நிறுவனத்தின் டிரேட்நெற் சேவை அவ்விலைகளைக் கைத்தொலைபேசிகளுக்குக் கொண்டு சேர்த்தது. இலங்கை மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையிலும் புறக்கோட்டை விலைக்கு அருகே தம்புள்ளை விலை இடம்பெறுகிறது.

இவற்றையெல்லாம் வகுப்பிற் கூறிக்கொண்டிருந்தபோதுதான் 2023ஆம் ஆண்டில் எங்கள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, தாமும் ஓர் இணையத்தளம் அமைத்தாலென்ன என்று கேட்டாள். அவளுடைய தந்தையார் நாவுலைப் பக்கத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தக்காளியும் கறிமிளகாயும் செய்கை பண்ணுபவர். சந்தைக் கடையொன்றில் கணக்கெழுதும் உறவினர் ஒருவர் மணிக்கொருதரம் விலைகளை அனுப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். நான் கணித ஆசிரியன். தகவல் தொழினுட்பம் எனக்குப் பின்னாளிற் கைவந்த வித்தை. ஆயினும் பிள்ளைகளின் உற்சாகம் என்னையும் இழுத்துச் சென்றது.

ஐந்து மாணவர் சேர்ந்து இரண்டு மாதத்தில் தளத்தை அமைத்தனர். நாற்பது வகைக் காய்கறி. ஒவ்வொன்றுக்கும் கடைசியாகப் பதிந்த விலை, அன்றைய உயர்ந்த விலை, தாழ்ந்த விலை, கடந்த முப்பது நாளின் சராசரி. பார்க்க அழகாகவே இருந்தது. எங்கள் ஐவரும் நானும் பார்த்தபோது அது பழுதின்றி ஓடியது. செய்தி வாய்வழியே பரவி, இருநூறு பேர் ஒரே அதிகாலையிற் பார்க்க முற்பட்டபோதோ, பக்கம் திறக்கப் பன்னிரண்டு விநாடி பிடித்தது. பலருக்குத் திறக்கவேயில்லை. கையிற் கைத்தொலைபேசியும் வாசலில் லொறியுமாக நிற்கும் ஒருவருக்குப் பன்னிரண்டு விநாடி எவ்வளவு நீளமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தாமதத்தின் காரணத்தை ஆராய்ந்தோம். இணையப் பக்கங்கள் இருவகையின. அச்சடித்த துண்டுப்பிரசுரம் போன்று, எவர் கேட்டாலும் உள்ளதை அப்படியே எடுத்துக் கொடுக்கும் பக்கங்கள் ஒருவகை. கேட்கும்போதெல்லாம் புதிதாகச் சமைத்துக் கொடுக்கப்படுபவை மற்றைய வகை. எங்களது பின்னைய வகையைச் சேர்ந்தது. ஒருவர் பக்கத்தைக் கேட்டவுடன் சேவையகக் கணினி தரவுத்தளத்திடம் செல்லும். அங்குள்ள பல்லாயிரம் பதிவுகளைப் புரட்டும். நாற்பது காய்கறிக்கும் சராசரி காணும். பின்னர் பக்கத்தை எழுதி அனுப்பும். அடுத்த கணம் இரண்டாமவர் கேட்பார். முன்னவருக்குச் செய்த அதே கணக்கை, ஒரு சதமும் மாறாத அதே விடைக்காக, அது அடியிலிருந்து மீண்டும் செய்யும். இருநூறு பேருக்கு இருநூறு முறை! மனிதராயின் மூன்றாம் முறையிலேயே சினந்திருப்பர்.

முதலில் தரவுத்தளத்துக்குச் சுட்டி அமைத்தோம். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்று, வேண்டிய பதிவு எங்கே உள்ளதென்பதை அது காட்டிக்கொடுக்கும். இதனால் பன்னிரண்டு விநாடி ஏழாயிற்று. (இதனைச் செய்யாமல் வேறு மருந்து தேடுவோர் பலர் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.) எனினும் கூட்டம் கூடினால் பழைய கதைதான்.

பின்னரே பதுக்கு நினைவகத்தை நாடினோம். எமது பாடநூல்களில் வழங்கும் அச்சொல் எனக்குப் பெரிதும் பிடித்தமானது. அரிசியைப் பதுக்குவது குற்றம். விடையைப் பதுக்குவதோ கணினி உலகில் நற்பண்பு. ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்' என்னும் சொல்லும் ஒளித்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞர் 1965ஆம் ஆண்டில் இக்கருத்தை எழுதியபோது அதற்கு 'அடிமை நினைவகம்' எனும் பொருள்பட ஒரு பெயரிட்டார். 1968ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் கணினியொன்றைப்பற்றிய கட்டுரைகளின் வாயிலாகவே இன்றைய பெயர் நிலைபெற்றது. அடிமைப் பெயர் மறைந்தது நன்றே. அக்காலத்தில் அது கணினியின் உள்ளே இருந்த ஒரு சிறு நினைவகம். இன்றோ இணையத்தளங்களுக்கென்றே அத்தகைய கருவிகள் உள்ளன. மெம்கேஷ்ட் என்பது 2003ஆம் ஆண்டில் லைவ்ஜேர்னல் எனும் தளத்தின் சுமையைக் குறைப்பதற்காகப் பிராட் ஃபிட்ஸ்பட்ரிக் என்னும் இளைஞர் எழுதியது. 2009ஆம் ஆண்டில் இத்தாலியரான சல்வத்தோரே சன்ஃபிலிப்போ ரெடிஸ் என்பதை வெளியிட்டார். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தியது ரெடிஸ்.

அது செய்யும் வேலையை இல்லத்தரசிகள் என்னிலும் நன்கறிவர். மிளகாயும் மல்லியும் சீரகமும் வறுத்து அரைத்து என் மனைவி போத்தலில் அடைத்து வைப்பாள். ஒவ்வொரு கறிக்கும் அடுப்பை மூட்டி மிளகாய் வறுக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டிற் பகற்போசனம் இராப்போசனமாகிவிடும். அவ்வாறே, முதலில் வருபவருக்காகத் தயாரித்த பக்கத்தை ரெடிஸ் விரைவு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்து வருவோர்க்குத் தரவுத்தளத்தை எழுப்பாமல் அதனையே எடுத்து நீட்டும். ஏழு விநாடி அரை விநாடிக்கும் குறைவாயிற்று. அன்று மாலை பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரித்தனர்.

வைத்துக்கொள்ளும் பிரதி எவ்வளவு காலம் இருத்தல் வேண்டும் என்று கருவி எங்களைக் கேட்டது. "விலைப்பட்டியல் நாளாந்தம் வருவதுதானே, ஒரு நாள் என்று போடுவோம்" என்றான் ஒரு மாணவன். நானும் தலையசைத்தேன். அத்தலையசைப்பை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அதிகாலை, அம்மாணவியின் தந்தையார் கைத்தொலைபேசியில் எங்கள் பக்கத்தைத் திறந்தார். கணப்பொழுதில் திறந்தது. தக்காளி கிலோ தொண்ணூறு ரூபா எனக் கண்டார். அவ்விலைக்கு லொறிக் கூலி கொடுத்துச் சந்தைக்கு ஏற்றுவதில் பயனில்லை எனத் தீர்மானித்து, ஊருக்கே வந்த வியாபாரியிடம் அறுநூறு கிலோவையும் அதே தொண்ணூறு ரூபாவுக்குக் கொடுத்துவிட்டார். முதல் நாள் அதிகாலை விலை அது. அன்று அதிகாலைச் சந்தையில் விலை நூற்றெழுபது. உறவினர் புதிய விலையை ஒழுங்காக அனுப்பியிருந்தார். மாணவர் அதனைத் தரவுத்தளத்தில் ஒழுங்காகப் பதிந்துமிருந்தனர். ஆயின் பதுக்கி வைத்த பிரதிக்கு இருபத்துநான்கு மணி நேரம் நிறைவுறவில்லை. அது தன் கடமையைத் தவறாது செய்து, நேற்றைய விலையை மின்னல் வேகத்தில் நீட்டியது. கிலோவுக்கு எண்பது ரூபா வீதம் நாற்பத்தெண்ணாயிரம் ரூபா. லொறிக் கூலியையும் தரகையும் கழித்தாலும் பெருந்தொகைதான். அந்தப் பருவத்து உரக்கடனுக்கென அவர் ஒதுக்கியிருந்த பணம் அது.

கல்லூரிக்கு அவர் வந்தார். சினந்து பேசுவாரென எதிர்பார்த்தேன், பேசவில்லை. "சேர், ஒங்க பொட்டி வேகமாத்தான் பதில் சொல்லுது. ஆனா நேத்துக் கதையையில்ல சொல்லுது" என்றார். மகள் தலைகுனிந்து நின்றாள். நானும் அவ்வாறே நின்றேன்.

குளம் கட்டி வாழ்ந்த நாட்டினர் நாம். 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே எங்கள் உக்குவளை மின்னிலையத்தை வந்தடைந்து, சுது கங்கையிற் கலந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்திற் தங்கி, அங்கிருந்து தாதுசேனன் கட்டிய கலாவாவி வரை செல்கிறது. தேக்கி வைத்து வேண்டியபோது திறந்துவிடும் கலையை எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயின் தேக்கிய நீர் ஆறு மாதம் கழிந்தும் நீரே. தேக்கிய விலையோ அத்தகையதன்று. என் மனைவியின் மிளகாய்த்தூள் ஒரு மாதம் தாங்கும். தேங்காய்ச் சம்பலை அடுத்த வேளைக்கு வைத்தால் எவரும் தொடார். இரண்டும் ஒரே அலுமாரியில் இருப்பதனால் இரண்டுக்கும் ஒரே ஆயுள் ஆகிவிடுமா? நாங்கள் செய்த பிழை அதுவே. மாறாத பகுதியையும் மணிக்கு மணி மாறும் பகுதியையும் ஒரே பக்கமாகக் கட்டி, ஒரே ஆயுள் விதித்துவிட்டோம்.

மீண்டும் தொடங்கினோம். மாணவன் ஒருவன், "பதுக்குவதையே விட்டுவிடுவோமே, சேர்" என்றான். அவனது மனச்சாட்சி நல்லது, கணக்கு நல்லதன்று. பதுக்காவிடின் நிமிடத்துக்கு இருநூறு பேர் கேட்கும்போது தரவுத்தளம் இருநூறு முறை கணக்குப் பார்க்கும். எவருக்கும் விடை கிடையாது. ஒரு நிமிட ஆயுள் விதித்தாற் போதும், இருநூறு பேர் கேட்டாலும் இரண்டாயிரம் பேர் கேட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் அதற்கு வேலை. விலை மணிக்கொருதரமே பதியப்படுகையில், ஒரு நிமிடப் பழமையால் எவருடைய தக்காளியும் அழுகாது.

ஆகவே பக்கத்தைத் துண்டுகளாக்கினோம். முப்பது நாட் சராசரி நள்ளிரவு வரை இருக்கலாம். நேற்று வரையுள்ள கணக்கு இன்று மாறப்போவதில்லை. காய்கறிகளின் பெயரும் படமும் மாதக்கணக்கில் இருக்கலாம். இன்றைய விலைக்கு மாத்திரம் ஒரு நிமிடம். அதற்கு மேலும் ஒரு காவல் வைத்தோம். புதிய விலை ஒன்றைப் பதியும் அதே செயல், அக்காய்கறிக்குரிய பழைய பிரதியை உடனே அழித்துவிடும். தக்காளி விலை மாறினால் தக்காளியின் பிரதி மட்டும் போகும். போஞ்சியும் வெங்காயமும் இருந்தபடியே இருக்கும். கேட்பதற்கு எளிதாயினும் இத்துறையில் மிகக் கடினமான வேலை இதுவே. எந்தத் தரவு மாறினால் எந்தெந்தப் பிரதிகள் பொய்யாகும் என்பதை ஒன்றுவிடாமல் நினைவிற் கொள்ள வேண்டும். "இன்று விலை ஏறிய ஐந்து காய்கறிகள்" என்றொரு சிறு பெட்டியை முகப்பில் வைத்திருந்தோம். அதனை அழிக்க மறந்து, இரண்டு நாள் கழித்தே கண்டுபிடித்தோம்.

இன்னொரு தடையும் எதிர்ப்பட்டது. பெருங்கூட்டம் வரும் அதிகாலையிற் பிரதி அழிந்த அக்கணத்தில், புதியதைச் சமைக்கும் முன்னரே நூறு பேர் வந்துவிடுவர். பிரதி இல்லையென்று கண்ட நூறு கோரிக்கைகளும் ஒருங்கே தரவுத்தளத்தின்மேற் பாயும். விறகு அணைந்ததைக் கண்டு வீட்டிலுள்ள பத்துப்பேரும் ஒரே அடுப்பை ஊதினாற்போல.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 2009ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் திகதி பாடகர் மைக்கல் ஜாக்சன் காலமானார். செய்தி பரவியதும் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப்பற்றிய கட்டுரையை நோக்கி உலகமே திரண்டது. திரண்டோரில் வாசிப்போர் மட்டுமல்லர், திருத்துவோரும் பலர். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பழைய பிரதி செல்லாததாயிற்று. மிக நீண்ட அக்கட்டுரையைப் புதிதாக அமைக்க நேரம் பிடிக்கும். அது முடியுமுன் வேறு பல சேவையகங்களும் தத்தமக்கென அதே கட்டுரையை அமைக்கத் தொடங்கின. சேவையகங்கள் திணறிப்போயின. அதன் பின்னர் அங்குள்ள பொறியியலாளர் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினர். ஒரு பக்கத்தை ஒரு வேளையிற் சிலரே அமைப்பர். ஏனையோர் வரிசையில் நிற்பர். காத்திருத்தல் நீண்டால் பழைய பிரதியே காட்டப்படும். எங்கள் பிள்ளைகளும் அதையே சிறிய அளவிற் செய்தனர். ஒருவர் சமைப்பார், மற்றையோர்க்குச் சற்று முன்னைய பிரதி.

விக்கிப்பீடியாவைக் கூறியதனால் இதனையும் கூறிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அவர்களின் முன்முயற்சியோடு 2003ஆம் ஆண்டில் வளரத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எங்கள் மாணவர் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். அதன் மூலச் சேவையகங்கள் அமெரிக்காவில் உள்ளன. ஆசிய நாடுகள் பலவற்றுக்கெனச் சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. பிரதிகளை வைத்துக் கொடுப்பதே அதன் பணி. ஒளி, கண்ணாடி இழையூடே விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அமெரிக்கக் கீழ்க்கரைக்கும் எமக்கும் உள்ள தூரம் பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல், சிங்கப்பூரோ மூவாயிரத்துக்குட்பட்டது. ஒரு பக்கத்துக்காகப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். கட்டுரையொன்றை எவரேனும் திருத்தினால், தூரத்திலுள்ள பிரதிகளையும் அழிக்குமாறு உடனே ஆணை பறக்கும்.

எங்கள் தளத்தில் விவசாயிகள் தத்தம் கணக்கைப் பதிந்து வைக்கும் பகுதியொன்றையும் சேர்க்கப் பிள்ளைகள் ஆவலுற்றனர். அதிலே பதுக்கலே கூடாதென நான் உறுதியாய் நின்றேன். 2015ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஸ்டீம் எனும் கணினி விளையாட்டுத் தளத்தில், பிரதிகளை வழங்கும் ஒழுங்கில் நேர்ந்த தவறினால், ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குக் காட்டப்பட்டது. சுமார் 34,000 பேரின் விபரங்கள் அவ்வாறு பிறர் கண்ணிற் பட்டிருக்கலாமென அந்நிறுவனமே அறிவித்தது. ஒரு வீட்டுக் கடிதத்தை எல்லா வீட்டுக்கும் பிரதி செய்து கொடுத்த தபாற்காரரின் கதைதான்.

எல்லாம் முடித்துப் புதிய தளத்தை முதலில் அத்தந்தையாரிடமே காட்டினோம். நிமிடம், பிரதி, அழித்தல் என்று மகள் விளக்க விளக்க அவர் பொறுமையாய்க் கேட்டார். முடிவில் ஒன்றே கேட்டார்: "இந்த வெல எத்தன மணி வெலன்னு எங்க போட்டிருக்கு?" எங்கும் போட்டிருக்கவில்லை. ஐந்து மாணவரும் ஒரு கணித ஆசிரியனும் மாதக்கணக்கில் மூளையைக் கசக்கியும் அது எங்களுக்குத் தோன்றவில்லை. அன்றே ஒவ்வொரு விலைக்கும் அருகில் அது பதியப்பட்ட நேரத்தைத் தடித்த எழுத்தில் இட்டோம். பழைய பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்திருப்பின், வியாழக்கிழமை அவர் லொறியை அனுப்பியிருப்பார்.

அம்மாணவி இப்போது பல்கலைக்கழகத்திற் பயில்கிறாள். தளத்தை அடுத்த வகுப்பினர் நடத்துகின்றனர். சந்தையிலுள்ள உறவினர் சில வேளை கணக்குப் புத்தகத்தின்மேற் தலைசாய்த்து உறங்கிவிடுவதுண்டு. அவ்வேளை எங்கள் ஏற்பாடு எதுவும் உதவாது. பதிய வேண்டிய விலையே வராதபோது பிரதியை அழித்தென்ன, வைத்தென்ன? தக்காளிக்கு அருகே 2.40 என்ற நேரம் நான்கு மணி வரை அசையாது நிற்பதைக் கண்டால், தந்தையார் எங்களை அழைப்பதில்லை. நேரே சந்தைக்கு அழைத்து அவரை எழுப்பிவிடுகிறார்.